மின்னூரில் பிறந்த பிள்ளைக்கு எது ஊர்?

2025 மே மாதக் கடைசியில், எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் தமிழ்நாட்டு அகதி வாழ்க்கைக்கு முழுக்குப் போட்டுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினார். திருட்டுத்தனமாகப் போகவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் விசாரித்து, பதிந்து, ஏற்பாடு செய்து அனுப்பிவைத்த பயணம் அது. பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்துவிட்டார்கள். அவர் செய்த குற்றம், போர் நடந்த காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியது! ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது பதுங்குகுழியிலிருந்து எழுந்து கொழும்புக்குப் போய், பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் நின்றுவிட்டுத்தான் ஓடியிருக்க வேண்டும் என்கிறதா இலங்கை அரசு?

அந்தக் கரையில் கதை அப்படி. இந்தக் கரையில், இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு நம் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’. முப்பத்தைந்து ஆண்டுகளாக அரசே இடம் கொடுத்து, அரிசி கொடுத்து, மாதாமாதம் தலையை எண்ணிக் கையெழுத்து வாங்கிவரும் மக்களுக்கு அந்தப் பெயர். போனால் குற்றவாளி, இருந்தால் சட்டவிரோதி. இப்படி ஒரு கிடுக்கியில் பல்லாயிரம் பேரைத் தலைமுறை தலைமுறையாக நசுக்கி வைத்திருப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம். கொழும்பும் டெல்லியும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சென்னைக் கோட்டையில் இருக்கும் மாநில அரசும் தப்ப முடியாது.

இது மண்டபம் முகாமின் பிரச்சினை, ராமேஸ்வரத்துக் கடலோரத்தின் பிரச்சினை என்று வடாற்காட்டுக்காரர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கிளம்பினால் மேல்மொணவூரில் ஒரு முகாம். ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி போகும் வழியில் மின்னூரில் ஒரு முகாம். சின்னப்பள்ளிக்குப்பத்தில் ஒன்று, குடியாத்தத்தில் ஒன்று. தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் பாலாற்றங்கரையும் சூழ்ந்த இந்தப் பகுதியில்தான் முல்லைத்தீவும் மன்னாரும் வவுனியாவும் திருகோணமலையும் பத்துக்குப் பத்து அடி அறைகளில் வந்து உட்கார்ந்தன. வந்தவர்கள் அன்று ஆறு மாதம் இருக்கலாம் என்று நினைத்தார்கள். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

கேம்ப்புக்காரங்க, சிலோன்காரங்க என்று நாம் சொல்லும் அந்த வீடுகளில் ஒருநாள் காது கொடுத்துக் கேட்டால் தெரியும். அம்மம்மா ‘ஓம்’ என்பாள், பேத்தி ‘ஆமா’ என்பாள். அம்மம்மா ‘கதைக்கிறது’ என்பாள், பேத்தி ‘பேசறது’ என்பாள். ‘ஊருக்குப் போகோணும்’ என்று கிழவி சொன்னால், ‘எந்த ஊருக்கு?’ என்று பிள்ளை கேட்கும். கிழவிக்கு ஊர் என்றால் பனைமரமும் கிணற்றடியும் வேலி அடைத்த வளவும். பிள்ளைக்கு ஊர் என்றால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், பிரியாணிக் கடை வாசம், விடியலில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அக்காக்கள். இரண்டில் எது பொய்? இரண்டும் மெய்தான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஊர் இருப்பதில் எந்தக் கேடும் இல்லை. உலகத்தில் புலம்பெயர்ந்த எல்லா இனத்துக்கும் நேர்வது இது. அந்த இரண்டு ஊரில் ஒன்றைக்கூட அவர்கள் பெயருக்கு எழுதித் தராமல் வைத்திருப்பதுதான் அநியாயம்.

மின்னூர் முகாமில் பிறந்த பெண் ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புகிறாள். பெயர் எழுதிவிட்டாள். பிறந்த இடம்: ஆம்பூர். தாய்மொழி: தமிழ். அடுத்த கட்டம்: நாட்டுரிமை. அங்கே பேனா நிற்கிறது. ‘இந்தியர்’ என்று எழுதினால் பொய் சொன்ன குற்றம். ‘இலங்கையர்’ என்று எழுதலாம் என்றால் அந்த நாட்டை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் பிறப்பை அந்த நாட்டுத் துணைத் தூதரகத்தில் பதியாவிட்டால் அந்த நாட்டுக் கணக்கிலும் அவள் இல்லை. படித்து முடித்தாலும் அரசு வேலை கிடையாது, ஓட்டு கிடையாது. பொறியியல் படித்த முகாம் இளைஞர்கள் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகச் சுவர் ஏறுவது தமிழ்நாடு முழுக்கப் பார்த்த காட்சி.

இதே ஆம்பூரில் தைக்கிற ஷூவைப் பாருங்கள். தோல் பதப்பட்டு, அப்பர் தைத்து, சோல் ஒட்டி, துடைத்து, பெட்டிக்குள் போவதற்குள் உள்பக்கத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்று ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. அந்த முத்திரையோடு அது ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிறது, யாரும் தடுப்பதில்லை. முகாம் பெண்கள் சிலருக்கும் அந்தத் தையல்தான் பிழைப்பு. ஆம்பூரில் செய்த ஷூவுக்கு ஒரு நாள் வேலையில் கிடைக்கிற முத்திரை, ஆம்பூரில் பிறந்த பிள்ளைக்கு முப்பது ஆண்டிலும் கிடைக்கவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியது யார்?

கணக்கைப் பார்ப்போம். 1983 ஜூலைக் கலவரத்திலிருந்து 2012 ஆகஸ்ட் வரை அலை அலையாக 3,04,269 பேர் வந்தார்கள் என்பது மத்திய உள்துறையே சொன்ன எண்ணிக்கை. அவர்களில் 99,469 பேர் 1995 மார்ச்சுக்குள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தத் திருப்பி அனுப்புதல் நடந்த விதம் நல்ல விதமாக இல்லை. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லா அகதிகள் மேலும் சந்தேகம் விழுந்தது. ‘விருப்பத்தோடுதான் போகிறார்களா’ என்ற கேள்வி 1992-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பழ. நெடுமாறன் தொடுத்த வழக்கு அது. ஐ.நா. ஆணையம் சென்னையில் அலுவலகம் போட்டு ஒவ்வொருவரின் சம்மதத்தையும் விசாரிக்கத் தொடங்கியது அந்த ஆண்டுதான். 2021-இல் சட்டமன்றத்தில் மாநில அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்கள் 34,087 பேர். ஒரு தாலுகாவின் சனத்தொகை அளவுக்கு மனிதர்கள் எந்த நாட்டுக்கும் சேராமல் நம் நடுவே வாழ்கிறார்கள்.

சட்டம் அவர்களை எப்படிப் பூட்டியிருக்கிறது என்பதைப் பாமர மொழியில் சொல்லிவிட வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்கு அதுவும் போதாது. மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. முகாம் பையன் ஆம்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் தாய் இந்தியர், தாத்தா பாட்டி இந்தியர், பிள்ளை மட்டும் அந்நியர். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பாலேயே இந்தியர் என்பதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி நிறுவ வேண்டியிருந்தது. 2022-இல் தீர்ப்பு வந்தது. 2024 ஏப்ரலில் திருச்சியில் அவர் முதல் ஓட்டைப் போட்டார். சட்டப்படி தொட்டிலிலேயே கிடைத்திருக்க வேண்டிய உரிமை முப்பத்தாறு வயதில் கோர்ட் படியேறித்தான் கிடைத்தது. 1987-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தப் படியும் இல்லை.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயர் எழுதினார்கள். பக்கத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கை அவர்கள் கண்ணில் படவில்லை. மத அடிப்படையில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு மட்டுமே சட்டம் என்று விளக்கம் சொன்னார்கள். கோயில் குளம் எரிந்து, தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்து, மொழியாலும் இனத்தாலும் துரத்தப்பட்டவனின் துன்பம் எந்தத் தராசில் குறைந்துபோனது? 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா தர்மசாலை அல்ல என்று வாய்மொழியாகச் சொன்னது. மாண்பமை நீதிமன்றத்தின் மேல் உள்ள மரியாதையோடு சொல்கிறோம்: தர்மம் கேட்டு நிற்கிறவன் என்று பார்க்கும் அந்தப் பார்வைதான் நோயின் வேர். தர்மசாலையில் இரண்டு நாள் தங்குகிறவனுக்கு யாரும் முப்பத்தைந்து ஆண்டு வருகைப் பதிவு எடுப்பதில்லை.

டெல்லி ஒரு கதவைப் பாதி திறந்திருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. நல்லது. இனி அவர்களைச் சிறையில் போட மாட்டார்கள். ஆனால் சிறையில் போடாமல் இருப்பது குடியுரிமை ஆகிவிடாது. இங்கேதான் மத்திய அரசின் ஓரவஞ்சனை அப்பட்டமாகத் தெரிகிறது. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2015 செப்டம்பரில் இதே போன்ற விலக்குதான் முதலில் கிடைத்தது. நான்கே ஆண்டில் அந்த விலக்கையே ஏணியாக வைத்து, ‘இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர்’ என்று குடியுரிமைச் சட்டத்தில் திருத்தம் எழுதினார்கள். ஏணி எப்படிக் கட்டுவது என்பது டெல்லிக்குத் தெரியும். நம்மவர்களுக்கு முதல் படியோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் படி எப்போது?

முகாம்களில் இருப்போர் எல்லோரும் ஒரே கதைக்காரர்களும் அல்லர். அவர்களில் பல ஆயிரம் பேர் மலையகத் தமிழர். அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் இந்தத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன தோட்டக் கூலிகள். 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று ஆட்டுமந்தை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். இந்தியா தன் பங்கை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது. 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்குப் போய், அங்கிருந்து 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்கள் பலர். மூதாதையர் மண்ணுக்கே வந்து சேர்ந்தவனைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்கிறோம். இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று தள்ளாமல் விண்ணப்பங்களைப் பரிசீலியுங்கள் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பின் பலன் முகாம்களின் வாசலை இன்னும் எட்டவில்லை.

சரி, திரும்பிப் போக விரும்புகிறவர்கள் போகட்டுமே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போவது எப்படி என்று தெரியுமா? படகில் ஏறும்போது தொலைத்த பிறப்புப் பத்திரத்தை முதலில் தேட வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்நாட்டுச் சான்று வாங்க வேண்டும். பிறகு நம் அரசிடம் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். விமானத்தில் போக வேண்டும் என்றால் முப்பது ஆண்டு சம்பாதித்த பீரோ, தையல் மிஷின், மோட்டார் சைக்கிள், பெயிண்டிங் சாமான் எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு இரண்டு பெட்டியோடு போக வேண்டும். கப்பல் விடுங்கள், சாமான்களோடு போகிறோம் என்று அவர்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கப்பல் விடத் தெரிந்த இரண்டு அரசுகளுக்கு, அகதிக் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமானை ஏற்ற ஒரு கப்பல் விடத் தெரியவில்லை.

போய் இறங்கினால் அங்கே என்ன? வலிகாமம் வடக்கில் 1990-இல் ராணுவம் பிடித்த நிலத்தில் இன்னமும் ஒரு பகுதி ராணுவத்திடமே. முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் மக்கள் தங்கள் காணிக்காக ஆண்டுக்கணக்கில் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். மிஞ்சிய நிலத்தில் வனத்துறை எல்லைக்கல்லும் தொல்லியல் துறைப் பலகையும் முளைக்கின்றன. 2022-இல் பொருளாதாரம் சரிந்தபோது, திரும்பிப் போனவர்கள் சிலரே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினார்கள். இத்தனைக்கும் மேலேதான் பலாலியில் கைவிலங்கு. திரும்பி வா என்று மேடையில் அழைத்துவிட்டு வாசலில் காவல்காரனை நிறுத்தி வைப்பது எந்த ஊர் விருந்தோம்பல்?

திரும்பிவந்த பிள்ளையை நம்பாத தாயகம் என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு ஆர்மீனியரின் வரலாறு சாட்சி. அவர்கள் நமக்கு அயலார் அல்லர். சென்னையில் 1726-இல் சைதாப்பேட்டை அடையாற்றுப் பாலத்தைக் கட்டிக் கொடுத்தவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அவர்கள் வாழ்ந்த தெருவின் பெயரை நம் ஜனங்கள் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கிவிட்டார்கள். அந்த நகரத்தில் அச்சகம் வைத்திருந்த ஷாமீர் ஷாமீரியான் குடும்பம், 1773 என்று தேதியிட்ட ஒரு நூலில், இனிமேல்தான் பிறக்கப்போகும் சுதந்திர ஆர்மீனியாவுக்கு அரசியல் சட்டமே எழுதி வைத்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்ததும் இதே சென்னையில்தான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து ஊரை நினைத்து எழுதியவர்கள் அவர்கள். திரும்பிப் போகாமலே ஆர்மீனியத் தெருவின் தேவாலயக் கல்லறையில் படுத்துவிட்டார்கள்.

1946 முதல் 1948 வரை சோவியத் ஆர்மீனியா, ‘தாயகம் திரும்புங்கள்’ என்று உலகெங்கும் உள்ள ஆர்மீனியரை அழைத்தது. ஏறத்தாழ 90,000 பேர் நம்பிப் போனார்கள். போனவர்களை ‘வெளியாட்கள்’ என்று ஊர் ஒதுக்கியது. 1949 ஜூனில் அவர்களில் பலரை இரவோடு இரவாக ரயிலேற்றி அல்தாய்க்கு நாடு கடத்தினார்கள். அந்தத் துரோகத்தின் வடு ஆறத் தலைமுறைகள் ஆயின. சுதந்திர ஆர்மீனியா அதிலிருந்து பாடம் படித்தது. 2007-இல் இரட்டைக் குடியுரிமையை ஏற்றது. ஆர்மீனிய வம்சத்தவருக்குக் குடியுரிமை பெற எளிய வழியை அரசியல் சட்டத்திலேயே எழுதியது. முதலில் இளைஞர்கள் வந்து சில மாதம் வேலை செய்து, ஊரைப் பார்த்து, பிறகு முடிவு செய்யும் ஏற்பாடுகள் வந்தன. திரும்பியவர்களில் தங்கியவர்களும் உண்டு, ஒத்துவராமல் கிளம்பிப் போனவர்களும் உண்டு. முடிவு அவரவர் கையில் இருந்தது.

மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறான். மின்னூர்க் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. வெளியேறும் அனுமதி ஒருவழிச் சீட்டு. போய்க் காணியைப் பார்த்து, பள்ளிக்கூடத்தைப் பார்த்து, உறவைப் பார்த்து, வந்து முடிவு சொல்கிறோம் என்று அவர்களால் சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக் கிணற்றருகே நிறுத்திவிட்டு ‘குதிக்கிறாயா இல்லையா’ என்று கேட்கிறோம். குதிக்கத் தயங்கினால், ‘பார், இவர்களுக்குத் தாயகப் பற்றே இல்லை’ என்று எழுதவும் ஆள் இருக்கிறது.

மாநில அரசுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் ரூ.317.40 கோடித் திட்டம் அறிவித்தது, 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவோம் என்றது, ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அடிக்கல் நாட்டியதும் மேல்மொணவூரில்தான், 2023 செப்டம்பரில் முதல் கட்டமாக 1,591 வீடுகளைத் திறந்துவைத்ததும் மேல்மொணவூரில்தான். தகரக் கூரையில் வெந்தவர்கள் கான்கிரீட் கூரையின் கீழே தூங்குகிறார்கள். பாராட்டுக்குரிய வேலை அது. ஆனால் அகதி என்றால் கதியற்றவன். பெயர்ப்பலகையிலிருந்து அந்தச் சொல் போயிற்று, கதி வந்ததா? வீட்டில் குடியிருக்கலாம், பட்டா கிடையாது. தணிக்கை நாளில் வருவாய்த் துறை ஊழியர் முன்னால் குடும்பத்தோடு தலையைக் காட்ட வேண்டும். கம்பெனியில் லீவு கிடைக்காதவர், வெளியூரில் கட்டட வேலைக்குப் போனவர் எல்லோரும் அன்றைக்கு ஓடி வர வேண்டும். வராவிட்டால் குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, மற்றவருக்கு ரூ.1,000, பிள்ளைக்கு ரூ.500 என்று வரும் பணக்கொடைக்கு ஆபத்து, பெயர் நீக்கப்படும் என்ற பயம். பின்னால் காவல்துறையின் உளவு அமைப்பான க்யூ பிரிவின் கண். மறுவாழ்வு என்று பெயர் வைத்த இடத்தில் வருகைப் பதிவேடு எதற்கு? இதை ஒழிக்க டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டுமா?

பாதுகாப்பு என்று ஒரு வாதம் வரும். வேலூர்க்காரர்களுக்கு அந்த வாதத்தின் வரலாறு தெரியும். கோட்டைக்குள் திப்பு மகாலில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்ட் 15-இல் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அது நடந்து முப்பது ஆண்டு ஆகிறது, போர் முடிந்து பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. குற்றம் செய்தவன் மேல் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. 1995-இல் பிறந்தேயிராத பிள்ளையை அந்தச் சுரங்கத்துக்காக இன்னமும் தண்டிப்பது பாதுகாப்பு ஆகாது.

இன்னொரு வாதம் தமிழ்த் தேசிய மேடைகளிலிருந்து வருகிறது. இங்கே குடியுரிமை கொடுத்துவிட்டால் வடக்கு கிழக்கில் தமிழரின் எண்ணிக்கை குறையும், தாயகக் கோரிக்கை வலுவிழக்கும் என்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டவர்கள் தாயகத்தை மறந்துவிட்டார்களா? கையில் பாஸ்போர்ட் உள்ளவன்தான் நினைத்தபோது நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வருகிறான், காணி வழக்குப் போடுகிறான், பிள்ளைக்கு ஊரைக் காட்டுகிறான். முகாம்காரனால் அது முடியவில்லை. ஊரோடு உறவு அறுந்துபோக முகாம்தான் காரணம். கொள்கைக்காகத் தியாகம் செய்யச் சொல்கிறவர்கள் முதலில் தங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பத்திரிகைகளும், இந்தப் பத்திரிகையும் சேர்த்து, குற்றத்திலிருந்து தப்ப முடியாது. தேர்தல் வந்தால் ஈழம் என்போம், நடிகர் பேசினால் ஈழம் என்போம். நெடுஞ்சாலை ஓரத்து முகாமுக்குள் எத்தனை முறை போயிருக்கிறோம்?

திருத்தம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மத்திய அரசு 2025-இன் விலக்கு ஆணையை அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்தவர்களும் இங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று குடியுரிமைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். 1964-இல் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட மலையகத் தமிழரின் விண்ணப்பங்களை முதலில் எடுக்க வேண்டும். 1987-க்கு முன் பிறந்தவர்களைக் கோர்ட்டுக்கு அலையவிடாமல் பாஸ்போர்ட் தர வேண்டும். குடியுரிமை வரும் வரை, ஊரைப் போய்ப் பார்த்துவர ஒரு பயணச் சான்று தர வேண்டும். திபெத்திய அகதிகளுக்கு அடையாளச் சான்றும் 2014-இல் ஒரு மறுவாழ்வுக் கொள்கையும் கொடுத்த நாடுதானே இது?

இலங்கை அரசு, போர்க்காலத்தில் தப்பியோடியவர்கள் மேல் குடிவரவுச் சட்டம் பாயாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அமைச்சர்களின் வாய்ச்சொல் போதாது. சென்னையிலேயே பத்திரங்களை முடித்துக் கொடுத்து, காணியை விடுவித்து, கப்பலை இந்தியாவோடு சேர்ந்து விட வேண்டும்.

மாநில அரசு, தணிக்கையையும் க்யூ பிரிவின் காவலையும் இன்றே நிறுத்த வேண்டும். கட்டிக்கொடுத்த வீட்டுக்கு உரிமைப் பத்திரம் தர வழி காண வேண்டும். டெல்லிக்குக் கடிதம் எழுதிவிட்டோம் என்று கைகழுவாமல், வேலூர், திருப்பத்தூர் கலெக்டர்கள் முகாமிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பத்தையும் வாங்கி, எண் போட்டு, அனுப்ப வேண்டும். விண்ணப்பம் இருந்தால்தான் நிராகரிப்புக்குக் காரணம் கேட்க முடியும்.

வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கே கிடக்கிறான். 1815-இல் ஆங்கிலேயர் பிடித்து, மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து, படிப்பணம் கொடுத்துக் காவலில் வைத்தார்கள். 1832 ஜனவரியில் இங்கேயே செத்தான். அவனுடைய சிம்மாசனம் 1934-இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குத் திரும்பிப் போய்விட்டது. அவன் போகவில்லை. அவனை அடைத்தவர்கள் அந்நிய ஆட்சியாளர்கள், அவர்களிடம் நியாயம் எதிர்பார்ப்பதற்கில்லை. அதே ஆற்றங்கரையிலும் தமிழ்நாடு முழுக்கவும், படிப்பணம் போலவே பணக்கொடை கொடுத்து, அதே போலத் தலையெண்ணி, இன்னும் சில பத்தாயிரம் பேரை வைத்திருப்பது நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுகள்.

மின்னூர்ப் பெண்ணின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவள் இந்தியர் என்று எழுதுவாளோ, அம்மம்மாவின் ஊரைத் தேடிப் போவாளோ, அது அவள் பாடு. இரண்டில் எதை எழுதினாலும் செல்லும் என்ற நிலையை உண்டாக்குவதுதான் அரசுகளின் வேலை. கல்லூரி விண்ணப்பம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அடுத்த ஆண்டும் அவள் தங்கை அதே கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள் என்றால், அந்தக் குற்றத்துக்கு இந்த மூன்று அரசுகளும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.